கழுவாத தொட்டி

மறுபடியும் நுரை வந்தது. ஜோயல் பழைய வேட்டிக் கிழிசலால் அண்ணனின் மூக்கைத் துடைத்தான். லேசான ரோஜா நிறத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். துடைத்துவிட்டுப் பஞ்சை எடுக்கத் திரும்புவதற்குள் இடது துவாரத்தில் திரும்பவும் ஊறி நின்றது.

"பஞ்ச நல்லா அமுக்குடா. உள்ளாற இன்னாமோ ஊறிக்கினே கீது," என்றார் மோசஸ் மாமா. ஊரில் எந்தச் சபைக்காரர் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்திவிடுவது அவர்தான். "மாரடைப்புல போனவனுக்கு இப்டி வந்து நான் பாத்ததே இல்ல."

ஜோயல் பஞ்சை அமுக்கினான். யாக்கோபுவின் உதடு நாவல் பழம் தின்றவன் உதடு போல் கறுத்திருந்தது. நாற்பத்தெட்டு வயது. நேற்று மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தூக்குவாளியைக் கையில் மாட்டிக்கொண்டு, மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டாவது ஷிப்டுக்குப் போன ஆள்.

வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் ஏறவில்லை. மாமா அதை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். ஒரு ஜோடி கறுப்பு ஷூ அகப்பட்டது. முனையில் இரும்பு வைத்த கம்பெனி ஷூ.

"இது ஒண்ணுதான் கீதா இவனுக்கு?"

"ஆமா மாமா."

"வேணாம்பா. இத மாட்டிக்கினு போனான்னா அங்கயும் ஓ.டி. பாக்கச் சொல்லுவானுங்க." அவரே சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல், ஷூவைக் காலால் உள்ளே தள்ளினார். "வெறுங்காலோடவே போவட்டும்."

கூடத்தில் ராஜம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாக்கோபுவின் மனைவி. பக்கத்தில் மகள் நிலா. தண்டலத்தில் கல்லூரிக்குப் போகிறவள்; முகம் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. அடுத்த போர்ஷனில் குடியிருக்கிற சந்தனமாரி ராஜம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தென்பக்கத்துக்காரி, வேலை தேடி இந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"எக்கா, பக்கத்துல கெடந்த மனுசன் மூச்சு முட்டிக் கெடந்திருக்காரு. ஒங்களுக்கு ஒரு சத்தங்கூடவா கேக்கல?"

ராஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "தூங்கிட்டேன்," என்றாள். காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மாதிரியில் இதையேதான் கேட்டார்கள். எல்லோருக்கும் இந்த ஒரு பதிலைத்தான் அவள் சொன்னாள்.

ஜோயல் அதைக் கேட்கப் பொறுக்காமல் வாசலுக்கு வந்தான். பந்தல் போட்டாகிவிட்டது. படப்பையிலிருந்து பெட்டி வந்து நாற்காலிகள் மேல் உட்கார்ந்திருந்தது. நாலு மணிக்கு அடக்கம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். மணி பன்னிரண்டு.

அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனி. ஒரகடத்தில் காருக்கு ரப்பர் குழாய் செய்கிற இடம். கான்ட்ராக்டில் கூலிங் டவர் வேலை. மெஷின்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிற தண்ணீர் அந்தக் கோபுரத்தில் ஏறி, சிதறி விழுந்து, ஆறி, திரும்பிப் போகும். ராப்பகலாகச் சுற்றுகிற தண்ணீரில் பாசியும் கிருமியும் கட்டிக்கொள்ளும். அதைக் கொல்ல மருந்து. ஒரு வாரம் ஹைப்போ; ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். மறு வாரம் நீலக் கேனில் வருகிற பயோசைடு. ஆசிட் மாதிரி மூக்கைச் சுண்டும். ஒரே மருந்தைப் போட்டால் கிருமிக்குப் பழகிவிடுமாம், அதனால் மாற்றி மாற்றி. இரண்டையும் ஊற்றுவது ஒரே வெள்ளைத் தொட்டியில். வாரம் மாறுகிற திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்காரன் தொட்டியை அடிவரை காலி செய்து மூன்று தடவை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்த இரண்டும் ஒரு தொட்டியில் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது.

நேற்று திங்கட்கிழமை. முதல் ஷிப்டு ஜோயல்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது என்பதுதான் பாடு. கேனில் பிடித்து, கம்பெனியின் மறுகோடியில் இருக்கிற கழிவுநீர் பிளாண்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். பன்னிரண்டு நடை. அதைச் செய்துவிட்டு நோட்டில் டிக் போட வேண்டும் என்பது சட்டம். காலையில் டீ குடிக்கும்போதே அன்றைய கட்டம் எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டு அப்புறம் வேலையைப் பார்ப்பதுதான் அங்கே பழக்கம். ஜோயலும் ஒன்பது மணிக்கே போட்டுவிட்டான். கழுவுவதைக் கடைசிக்கு வைத்திருந்தான்; பன்னிரண்டரைக்கு மழை பிடித்தது. தொட்டியின் அடியில் முழங்கை ஆழத்துக்கு ஹைப்போ கிடந்தது. மழை விடட்டும் என்று உட்கார்ந்தான். மழை விடவில்லை. ஷிப்டு மாறும்போது அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மழையில் அண்ணன் வந்த பஸ் பிந்தியது. இவன் போகிற பஸ் நேரத்துக்கு எடுத்துவிட்டது. சரி, போன் போட்டுச் சொல்லலாம் என்று ஏறினான். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. தூங்கிவிட்டான்.

போன் வந்தது நாலரை மணிக்கு. வீட்டில் துண்டு கட்டிக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தான்.

"டேய் ஜோயலு, தொட்டி கழுவுனியாடா?" நடுநடுவே இருமல்.

வாயில் சோறு இருந்தது. "கழுவுனேண்ணே. மூணு தபா. ஏன், இன்னா ஆச்சு?"

"நீலக் கேன சாச்சேன். குப்புனு வந்துச்சுடா பொக. மஞ்சளும் பச்சையுமா. சாரல் அடிக்குதுன்னு கதவ வேற சாத்திக்கினு இருந்தேன். தாப்பாளத் தேடறதுக்குள்ள நாலு மூச்சு உள்ள போய்ச்சு." கொஞ்ச நேரம் இருமினான். "நீ கழுவிட்டன்னா அப்ப எம்மேலதான் தப்பு. ஹைப்போ மொள்ற மக்க மாத்தி எடுத்து இதுல ஊத்திட்டேன் போல. வயசாவுதுல்ல."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜோயல் சோற்றை விழுங்கினான்.

"மாஸ்க் போட்டியாண்ணே?"

"எந்த மாஸ்க்கு? ஆடிட்டுக்கு மாட்டி வெச்சிகீறானே, அதா? கர்ச்சீப்புதான் கட்டியிருந்தேன். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வூட்டுக்குப் போவட்டுமாடா? நெஞ்சு எரியுது."

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். கேட்டால் கம்பெனிக்குப் போன் வரும். போன் வந்தால் நோட்டைப் பார்ப்பார்கள். நோட்டைப் பார்த்துவிட்டுத் தொட்டியைப் பார்ப்பார்கள். இதெல்லாம் ஒரு கவளம் விழுங்குகிற நேரத்துக்குள் ஜோயலின் மனசில் ஓடிவிட்டது.

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரி இன்னாத்துக்குண்ணே? போன வருசம் எனக்கும் இப்டித்தான் ஆச்சு. பெர்மிசன் போட்டு வூட்டுக்குப் போ. பால் குடி. வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டுக்கோ. காலைல சரியாப் பூடும்."

போன வருஷம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருஷம் அவன் ட்ரெயினிங்கில்தான் உட்கார்ந்திருந்தான். மருந்துக் கம்பெனி ஆள் வந்து தமிழிலேயே சொன்னான்: இந்தப் புகை உள்ளே போனால் ஆள் நடப்பான், பேசுவான், நல்லா இருக்கேன் என்பான், நம்பாதீங்க, ஏழெட்டு மணி நேரம் கழித்து நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டும், உடனே ஆஸ்பத்திரி. கேட்டுவிட்டு ஜோயல் சமோசா வாங்கித் தின்றான். அன்றைக்கு யாக்கோபுவுக்கு வேறு ஷிப்டு.

ஒரு மணிக்குப் பைக்கில் ரகுபதி வந்தான். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். மாலையை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜோயலைப் பந்தலுக்கு வெளியே முருங்கை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"டாக்டர் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துடுச்சில்ல? மாரடைப்புன்னு கிளியரா எழுதிகீறாரு. நாலு மணிக்கு டான்னு எடுத்துடுங்க. வானம் வேற இருட்டிக்கினு வருது."

"சார், நேத்து பொக..."

"கம்முனு இருய்யா." ரகுபதி குரலைத் தாழ்த்தினான். "பொக வந்துச்சு. அவன்தான் மாத்தி ஊத்திட்டான். எங்கிட்டயே சொன்னான், 'சார், எம்மேலதான் தப்பு'ன்னு. நான் நோட்ட எடுத்துப் பாத்துட்டேன். நீ கழுவி டிக் போட்டிருக்கே. உன் பக்கம் க்ளீன். இப்ப எவனாவது கம்ப்ளெய்ன்ட் அது இதுன்னு கிளப்புனா இன்னா ஆவும்? செத்தவன் தப்புன்னு எழுதி மூடுவானுங்க. உங்க அண்ணன் பேரத்தான் கெடுக்கணுமா, சொல்லு?"

"தொட்டி இப்ப எப்டி கீது சார்?"

"அது இன்னாத்துக்கு உனக்கு? காலைலயே நாலு பேர வுட்டுக் கழுவிட்டேன்." ரகுபதி அவன் தோளைத் தட்டினான். "பத்து நாள் லீவு எடுத்துக்கோ. பாத்துக்கலாம்."

பைக் போன பிறகும் ஜோயல் முருங்கை மரத்தடியிலேயே நின்றான். வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன் என்றார்கள். ஒவ்வொருவர் கைக்கும் அவன் கையைக் கொடுத்தான்.

மூன்று மணி சுமாருக்கு ராஜம்மா அவனை உள்ளே கூப்பிட்டனுப்பினாள். சமையல்கட்டில் அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தனியாக.

"சாப்ட்டியாடா ஜோயலு?"

"பசிக்கல அண்ணி."

"காலைலேர்ந்து நிக்கற. ஒரு டீயாவது குடி." அவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நெஞ்சில கைய வெச்சிச் சொல்லு. நான் எழுந்திருந்தா பொழச்சிருப்பாராடா?"

ஜோயல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து எனக்கு ரெண்டு பில்டிங் கூட்டற வேல. ஒருத்தி வரலன்னு அவ வேலையும் என் தலைல. வந்து பால் காச்சிக் குடுத்தேன். குடிச்சாரு. செவுத்துல சாஞ்சிக்கினு உக்காந்திருந்தாரு. படுத்தா முட்டுதுன்னாரு. ஆஸ்பத்திரி போலாம்யான்னேன். வேணாம், ஜோயலுக்கும் வந்து சரியாச்சாம், நீ தூங்குன்னாரு. தூங்கிட்டேன்டா. பொணமாட்டம் தூங்கிட்டேன். அவரு எழுப்பியிருப்பாரு. கைய நீட்டித் தட்டியிருப்பாரு. எனக்குத் தெரியல."

"அண்ணி..."

"அஞ்சு மணிக்குத் தொட்டுப் பாக்கறேன், சட்டையெல்லாம் நுரை." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயோடேயே பேசினாள். "தூங்கறதுக்கு முன்னாடி உன்னப் பத்திதான் சொல்லிக்கினு இருந்தாரு. 'தம்பி ஒழுங்காத்தான் கழுவி வெச்சிருந்தான், நான்தான் மாத்தி ஊத்திட்டேன். நாளைக்கு அவன் போவும்போது கதவத் தெறந்து வெச்சிக்கினு வேல பாக்கச் சொல்லு'ன்னாரு. நீ கதவத் தெறந்து வெச்சிக்கடா."

ஜோயல் தலையை ஆட்டினான். ஆட்டியது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. சமையல்கட்டிலிருந்து கொல்லைக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான்.

பின்னால் நிலா வந்து நின்றாள்.

"சித்தப்பா, போன வருசம் உங்களுக்கு எந்த மாசம் இப்டி ஆச்சு?"

"ஏம்மா?"

"சும்மா. எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க அப்பாகிட்டகூட சொல்லலியாமே." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு வரி விட்டுப்போனவள் கேட்பது மாதிரி கேட்டாள். "மாரடைப்புக்கு நுரை வருமா சித்தப்பா?"

உள்ளே பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். யாரோ கூப்பிட்டார்கள். நிலா போய்விட்டாள்.

பெட்டியில் வைத்தாகிவிட்டது. பெண்கள் பாடி முடித்தார்கள். மோசஸ் மாமா பெட்டியின் மூடியைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் நாலு திருகாணி. கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார் பாஸ்டர். ராஜம்மாவை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். அவள் குனிந்து யாக்கோபுவின் நெற்றியைத் தொட்டு, "என்ன மன்னிச்சிடுய்யா. தூங்கிட்டேன்யா," என்றாள். அதையே திரும்பச் சொன்னாள். யாரோ ஒருத்தி கூட்டத்தில், "பாவி, கூடவே படுத்துக்கினு..." என்று முனகியது எல்லோர் காதிலும் விழுந்தது.

"மூடலாம் மாமா," என்றது ஒரு குரல்.

"மூடாதீங்க," என்றான் ஜோயல்.

அவன் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தம்பிக்காரன் இன்னொரு தடவை பார்க்க ஆசைப்படுகிறான் என்று வழிவிட்டார்கள். அவன் பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினான்.

"அண்ணி, நான் தொட்டி கழுவல."

அந்த வார்த்தையில் அங்கே இருந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் எதையோ உளறுகிறான் என்று மோசஸ் மாமா அவன் கையைப் பிடிக்க வந்தார். ராஜம்மாவின் முகம் மட்டும் மெதுவாக நிமிர்ந்தது.

"போன்ல கேட்டாரே."

"பொய் சொன்னேன். மூணு தபா கழுவுனேன்னு சொன்னேன். ஒரு தபாகூடக் கழுவல. மழ பேஞ்சிச்சு. ஹைப்போ அப்டியே உள்ள கெடந்துச்சு. அண்ணன் மாத்தி ஊத்தல. அண்ணன் சரியாத்தான் ஊத்துனாரு."

மழைக்கு முந்தின புழுக்கம். பந்தல் துணி ஒருதரம் உப்பி அடங்கியது.

"எனக்குப் போன வருசம் ஒண்ணும் ஆவல அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போனா நான் மாட்டிக்குவேன்னு போவாதன்னு சொன்னேன். உடனே போவணும்னு எனக்குத் தெரியும். நீ எழுந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நேத்து சாய்ந்தரமே போயிருக்கணும்."

ஒருவர் செருப்பைக் கழற்றினார். யார் என்று அவன் பார்க்கவில்லை. அடி முதுகில் விழுந்தது, அடுத்ததும் விழுந்தது, மோசஸ் மாமா நடுவில் வந்து, "பாடிய வெச்சிக்கினு இன்னாடா இது!" என்று கத்தினார். ராஜம்மா அழவில்லை, திட்டவில்லை. பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் தோளைத் தாங்கியிருந்தவர்கள், இனித் தாங்க வேண்டியதில்லை என்பது போல, தானாகவே விலகிக்கொண்டார்கள்.

நிலா போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். "சார், ஒரு சாவு. கம்பெனில கெமிக்கல் பொக. இல்ல சார், இன்னும் பொதைக்கல," என்று அவள் சொல்வது எல்லோருக்கும் கேட்டது.

போலீஸ் வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. ஏட்டு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சர்ட்டிபிகேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளதச் சொல்றியா, ஆத்திரத்துல சொல்றியா? நாளைக்கு மாத்திப் பேச மாட்டியே?" என்று கேட்டார். ஜோயல் முதலிலிருந்து சொன்னான். நோட்டை, டிக்கை, ரகுபதி காலையில் தொட்டியைக் கழுவ வைத்ததை. ஏட்டு நடுவில் ஒரு தடவை எழுதுவதை நிறுத்தி, "எத்தினி வருசமாய்யா டீ குடிச்சிக்கினே டிக் போடறீங்க?" என்றார். ஜோயல், "நான் சேந்ததுலேர்ந்து சார். ஒன்பது வருசம்," என்றான்.

யாக்கோபுவைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். போஸ்ட்மார்ட்டத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. சவ வண்டியின் முன்சீட்டில் ஏட்டு ஏறிக்கொண்டார். பின்னால் ஸ்ட்ரெச்சரை ஒட்டி ஒரு நீளப் பலகை. ராஜம்மா ஏறி அதன் கோடியில், தலைமாட்டில் உட்கார்ந்தாள். நிலா மோசஸ் மாமாவின் வண்டியில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

"நீயும் வரணும்யா. ஏறு," என்றார் டிரைவர்.

ஜோயல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராஜம்மா அவன் பக்கம் பார்க்கவில்லை. முழங்காலை மட்டும் உள்பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். உட்கார இடம் விட்டதா, அவன் மேலே படாமல் விலகிக்கொண்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏறினான். பலகையில் உட்காராமல் கால்மாட்டில், தகரத் தரையில் குந்தினான்.

கம்பெனி பஸ்கள் ஷிப்டு விட்டு எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. வல்லக்கோட்டை வளைவில் முதல் வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டதில் ஸ்ட்ரெச்சர் நகர்ந்து தகரத்தில் மோதியது. அண்ணனின் வெறுங்கால் துணிக்கு வெளியே வந்துவிட்டது. ஜோயல் துணியை இழுத்து மூடி, ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வேகத்தடையில் அவன் பிடித்த கால்பக்கம் நகரவில்லை, தலைப்பக்கம் நகர்ந்தது.

அதற்கு அடுத்தது வருவதற்குள் ராஜம்மாவும் தலைப்பக்கத்துக் கம்பியைப் பிடித்திருந்தாள். கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தபடியே பிடித்திருந்தாள்.